கூரையில்லா வண்டியின் நிழல்

ராக்கியப்பன் தன் கையால் கட்டிய பைப் வண்டிக்குக் கூரையில்லாமலே நிழல் விழ ஆரம்பித்தது ஒரு சித்திரை மாதத்துச் செவ்வாய்க்கிழமை, பகல் பதினோரு மணிக்கு. அதைப் பார்த்து வயிறு எரிந்த ஒரே ஆள் காளியண்ணன்தான். மற்றவர்கள் எல்லாரும் வெயில் காலத்தில் நிழலைக் கண்டால் மனிதர்கள் என்ன செய்வார்களோ அதைச் செய்தார்கள், போய் உட்கார்ந்தார்கள்.

கரட்டுப்பாளையம் லாரிக்குப் பாடி கட்டும் ஊர். ரோட்டின் இரண்டு பக்கமும் ஒன்பது பட்டறைகள். சுத்தியல் சத்தம் நின்றால் ஊரில் யாரோ செத்துப்போனார்கள் என்று அர்த்தம். முன்பு அந்த ரோட்டோரம் நாற்பத்தொரு புளிய மரங்கள் நின்றன. ரோட்டை நாலு வழியாக்க வேண்டுமென்று அளந்து, நம்பர் போட்டு, ஒரே வாரத்தில் அத்தனையையும் அறுத்து ஏற்றிக்கொண்டு போனார்கள், அடுத்து வந்த கோடையில்தான் தங்கள் தலைக்கு மேலே இவ்வளவு வெயில் இத்தனை காலமும் காத்துக்கொண்டிருந்தது என்பதே ஊருக்குத் தெரிந்தது. பஸ்ஸுக்கு நிற்பவர்கள் கரண்ட் கம்பத்தின் நிழலில் ஒருவர் பின் ஒருவராக வரிசை கட்டி நின்றார்கள், கம்பத்தின் நிழல் நகர நகர அவர்களும் நகர்ந்தார்கள்.

ஒன்பது பட்டறைக்கும் முதல் கை காளியண்ணன். ஐம்பத்திரண்டு வயது, ஒல்லியான உடம்பு, புருவம் பாதி பொசுங்கிய முகம். அவர் பற்றவைத்த இடத்தைப் பார்த்தால் மீன் செதிலை வரிசையாக அடுக்கிய மாதிரி இருக்கும், பெயிண்ட் அடித்து மறைக்க லாரிக்காரர்களுக்கே மனசு வராது. அப்படிப்பட்டவர் நாலு வருஷமாகத் தன் பட்டறையின் பின்கட்டில் தார்ப்பாய் போட்டு மூடி ஒரு வண்டி செய்துகொண்டிருந்தார். தகரம் கிடையாது, கதவு கிடையாது, வளைத்த இரும்பு பைப்புகளே எலும்புக்கூடாக நிற்கும், நாலு சக்கரம், பின்னால் என்ஜின், ரோட்டில் நம்பர் பிளேட்டோடு ஓடப்போகிற வண்டி. பழைய காலண்டர் தாள்களின் பின்பக்கம் நூற்றெட்டுப் படம் வரைந்திருந்தார். வளைக்கும்போது பைப் நசுங்கக் கூடாதென்று உள்ளே மணலை இறுக்கி நிரப்பி, இரண்டு முனையையும் அடைத்து, வளைத்தபின் கொட்டினார். ஒரு வளைவு அரை இஞ்ச் தப்பினால் அறுத்துப் போட்டுவிட்டு மறுபடி முதலிலிருந்து வளைத்தார். எதற்காக இந்தப் பாடு என்று கேட்டால் பதில் சொல்ல மாட்டார். நான் சொல்கிறேன்: அந்த வண்டி ஒரு நாள் தார்ப்பாயை விட்டு வெளியே வரும்போது ஊரே வாயைப் பிளக்க வேண்டும், அவ்வளவுதான்.

பக்கத்துப் பட்டறை ராக்கியப்பனுடையது. பங்காளி, ஒன்றுவிட்ட தம்பி முறை, பத்து வயது இளையவன். வேலையில் சுமார்தான், ஆனால் சிரித்த முகம். அவன் மனைவி கமலவேணிக்கு மூடின வண்டி ஆகாது. பஸ்ஸோ காரோ, ஏறி உட்கார்ந்து கதவைச் சாத்தினால் குமட்டும். மோகனூரில் இருக்கிற பிறந்த வீட்டுக்குப் பதினெட்டு வருஷமாக அவள் வாந்தி எடுத்துக்கொண்டேதான் போய் இறங்குகிறாள். காற்றோட்டமாக ஒரு வண்டி இருந்தால் தேவலை என்று அந்த மாசியில் அவள் சும்மா வாய்விட்டுச் சொன்னாள். ராக்கியப்பன் காளியண்ணனின் தார்ப்பாய் ஓரத்தை ஒரு தடவை தூக்கிப் பார்த்தான், சாக்கட்டியால் தரையில் கோடு போட்டான், லாரிகளுக்கு வாங்கி மிச்சமான பைப்புகளைப் பொறுக்கி எடுத்தான், அடிபட்டுக் கிடந்த ஒரு பழைய காரிலிருந்து என்ஜினைக் கழற்றினான்.

அந்த ஊரில் ஒரு வழக்கம் உண்டு. எந்த வண்டியானாலும் முதல் இணைப்பை அதைச் செய்கிறவன் பற்றவைக்கக் கூடாது. கைராசியுள்ள வேறொருவரை வெற்றிலை பாக்கு வைத்து அழைத்து, அந்த ஒரு இணைப்பைச் சுற்றுமுழுக்க அவர் கையால் பற்றவைக்கச் சொல்ல வேண்டும். அதன் பிறகு அதில் யாரும் கை வைக்கக் கூடாது, தேய்க்கக் கூடாது, தட்டிப் பார்க்கக் கூடாது, சந்தனம் குங்குமம் வைத்து அப்படியே விட்டுவிட வேண்டும். காளியண்ணன் தன் வண்டிக்கு யாரையும் அழைக்கவில்லை. தன் கையைவிட நல்ல கை எங்கே இருக்கிறது என்று தானே பற்றவைத்துக்கொண்டார். ராக்கியப்பன் வெற்றிலைத் தட்டோடு நேராக அவரிடம்தான் வந்தான்.

போனார். குனிந்து பார்த்தார். பின் சீட்டுக்குப் பின்னால் நிமிர்ந்து நிற்கப் போகும் பெரிய வளையத்தின் அடிக்கால் அது. வண்டியின் பாரமெல்லாம் அங்கேதான் வந்து இறங்கும். தரையில் கிடந்த சாக்கட்டிக் கோடுகளில் அவருடைய நாலு வருஷமும் இருந்தது, அவர் ராப்பகலாக யோசித்துக் கண்டுபிடித்த சாய்வு, அவர் அழித்து அழித்து வரைந்த குறுக்குத் தாங்கல், எல்லாம் கோணல்மாணலாக, ஆனால் எல்லாமே. திருட்டு என்று சொல்லலாம். சொன்னால் தன் தார்ப்பாய்க்குள் இருப்பது வெளியே வந்துவிடும். வாயை மூடிக்கொண்டார், மிஷினில் கரண்டைக் குறைத்தார். கரண்ட் குறைந்தால் மேலே செதில் செதிலாக அழகாக உட்காரும், உள்ளே இரும்போடு இரும்பு சேராது, வெளியிலிருந்து பார்த்தால் எவனுக்கும் தெரியாது. ஒரு நாள் நடுரோட்டில் இணைப்பு விட்டுக்கொள்ளட்டும், ஊர் சிரிக்கட்டும் என்று மட்டும்தான் அன்றைக்கு நினைத்தார். அந்த நேரத்தில் அதில் ஆள் உட்கார்ந்திருக்கும் என்பதை நினைக்க அவர் வயிற்றெரிச்சல் அவரை விடவில்லை.

நாற்பது நாளில் வண்டி முடிந்தது. செவ்வாய்க்கிழமை பெயிண்ட் காயட்டும் என்று ராக்கியப்பன் அதை வெளியே தள்ளி வெயிலில் நிறுத்தினான். பைப்புகளுக்கு நடுவே வெறும் காற்று, அண்ணாந்தால் மொட்டை வானம். ஆனால் வண்டிக்குள்ளேயும் அதைச் சுற்றி ஏழடி தூரத்துக்கும் அடர்ந்த நிழல் விழுந்தது, ஒரு பெரிய மரத்தின் அடியில் விழுகிற மாதிரி, நடுநடுவே காசு காசாக வெளிச்சம் ஆட. முதலில் ஒரு நாய் போய்ப் படுத்தது. அப்புறம் பஸ்ஸுக்கு நின்றவர்கள் கம்பத்தை விட்டு மெல்ல நகர்ந்து வந்தார்கள், ஒருத்தி தலையிலிருந்து முந்தானையை எடுத்து உதறி இடுப்பில் செருகிக்கொண்டு அப்பாடா என்றாள். அதற்கு மேல் யாரும் ஒன்றும் கேட்கவில்லை.

கேட்கிறதெல்லாம் மறுநாள்தான் ஆரம்பித்தது, அதுவும் எப்படி விழுகிறது என்றல்ல, எந்த மரத்து நிழல் என்று. புளிய மரத்து நிழலென்றால் அதில் படுத்துத் தூங்கினால் உடம்புக்கு ஆகாது, தலை பாரமாகும். ஒரு பெரியவரைப் பாய் போட்டுப் படுக்க வைத்து, மூன்று மணி நேரம் தூங்கவிட்டு, எழுப்பித் தலை வலிக்கிறதா என்று கேட்டார்கள். அவர் பசிக்கிறது என்றார், அதனால் இது வேப்ப மர நிழல்தான் என்று முடிவானது. பிறகு முறை வைத்தார்கள். காலையில் முட்டை வண்டிக்காரர்கள் அட்டைகளை இறக்கி வைத்து எடுத்துப்போக, பத்து மணிக்கு மேல் நூறுநாள் வேலைக்குப் போய்த் திரும்பும் பெண்கள் சோற்றுப் போசியைத் திறக்க, உச்சி வெயிலில் வயதானவர்களும் கைக்குழந்தைக்காரிகளும், மூன்று மணிக்கு ஆடுகள், நாலு மணிக்குக் கம்மங்கூழ்க்காரி, அதற்குப் பிறகு பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் என்று பஞ்சாயத்துப் பிரசிடெண்ட் ஓர் அட்டையில் எழுதிக் கம்பத்தில் கட்டினார். ஆடுகள் மூன்று மணிக்குத் தாமாகவே வந்தன. வண்டியைத் தள்ளினால் நிழலும் கூடவே தள்ளிக்கொண்டு வந்ததால், சீக்காய்க் கிடந்தவர்கள் வீட்டு வாசலுக்கு ராக்கியப்பன் அதை நடை வேகத்தில் ஓட்டிக்கொண்டு போய் ஒரு மணி நேரம் நிறுத்திவிட்டு வந்தான். காசு வாங்கவில்லை. அதுவும் காளியண்ணனுக்குப் பிடிக்கவில்லை, வாங்கியிருந்தால் திட்டவாவது செய்திருக்கலாம்.

ஆனால் அவரைக் கொன்றது அது அல்ல. நிழலில் உட்கார்ந்து எழுந்து போகிற ஒவ்வொருவரும் அவர் பட்டறை வாசலில் நின்று, எல்லாம் உங்கள் கைராசி என்று சொல்லிவிட்டுப் போனார்கள். முதல் பற்றவைப்பு அவருடையது என்பது ஊருக்கே தெரியும். அந்தச் சந்தனப் பொட்டைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டு ஏறுகிறவர்களை அவர் தினமும் பார்த்தார். எத்தனை லாரிகள், எத்தனை சுத்தமான வேலை, ஒருத்தன் நின்று ஒரு வார்த்தை சொன்னதில்லை, இந்த ஒரு பொய் வேலைக்குக் கும்பிடு விழுகிறது. சாப்பாடு இறங்கவில்லை. சிரிப்பதா அழுவதா என்று தெரியாமல் தலையை ஆட்டி ஆட்டிக் கழுத்து வலித்தது.

பத்து நாள் கழித்து அவர் தன் தார்ப்பாயை எடுத்தார். இனி மறைக்க என்ன இருக்கிறது. அரை இஞ்சும் பிசகாத தன் வண்டியைத் தனியாளாகத் தள்ளிக்கொண்டு வந்து, உச்சி வெயிலில், ராக்கியப்பன் வண்டிக்கு எதிரே நிறுத்தினார். தரையில் பைப்புகளின் நிழல் விழுந்தது. கோடு கோடாக, ஒரு சிக்குக் கோலம் போட்ட மாதிரி, ஒவ்வொரு வளைவும் துல்லியமாக. எதிரேயிருந்து பார்த்தவர்கள் அழகாக இருக்கிறது என்றுதான் சொன்னார்கள், மனதாரத்தான் சொன்னார்கள், ஆனால் ஒருத்தரும் எழுந்து வரவில்லை. ஒரு கோழி மட்டும் ஒரு கோட்டின் மேல் கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டுப் போனது.

அன்றைக்குத்தான் அவருக்கு அந்த யோசனை வந்தது. இரண்டு வண்டிக்கும் ஒரே சாய்வு, ஒரே வளையம், ஒரே பைப். வித்தியாசம் ஒன்றே ஒன்றுதான், தான் குறைத்து வைத்த கரண்ட். அந்த இணைப்புக்குள் சேராமல் விட்ட இடுக்கு இருக்கிறதே, தலைமயிர் அளவு இருட்டு, அங்கிருந்துதான் இந்த நிழல் ஊறி வருகிறது என்று அவர் கணக்குப் போட்டார். போட்டதும் நெஞ்சில் ஒரு சின்னக் குளிர்ச்சி. அப்படியென்றால் ஊர் சொல்வது சரிதான், இது என் கைதான், நான் கெடுதல் செய்தாலும் அது இப்படித்தான் முளைக்கும். பொறாமைப்படுகிறவனுக்குக் கிடைத்த அந்தப் பெருமையை அவர் யாருக்கும் காட்டாமல் வைத்துக்கொண்டார், அதற்குப் பிறகு சாப்பாடு இறங்கியது.

வைகாசியில் பிரேக் இன்ஸ்பெக்டர் வந்தார். ரோட்டில் ஓட்ட வேண்டுமென்றால் அவர் பார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும். பிரேக்கை மிதித்துப் பார்த்தார், ஹாரனை அடித்துப் பார்த்தார், லைட்டைப் போட்டுப் பார்த்தார், பிறகு சீட்டில் உட்கார்ந்து படிவத்தைப் பூர்த்தி செய்ய ஆரம்பித்து, அரைமணி நேரம் எழுந்திருக்கவேயில்லை. மேற்கூரை என்ற இடத்தில் இல்லை என்று எழுதினார். நிழலுக்கு அதில் இடம் இல்லாததால் அதைப் பற்றி ஒன்றும் எழுதவில்லை. போகும்போது தன் வயதான அம்மாவை ஒரு நாள் அழைத்து வரலாமா என்று கேட்டார். பதினைந்தாம் நாள் நம்பர் வந்தது.

அதுவரை வண்டி ஊருக்குள் நடை வேகத்தில்தான் ஊர்ந்திருந்தது. நம்பர் வந்தபின் நாலு வழி ரோட்டில் முதல் ஓட்டம் யாரை ஏற்றிக்கொண்டு என்று பேச்சு எழுந்தபோது, கமலவேணியே தன் மோகனூர்ப் பயணத்தை விட்டுக்கொடுத்தாள். முதல் பற்றவைப்பு யார் கையோ அவர் வீட்டுக்குத்தான் முதல் மரியாதை என்றாள். காளியண்ணனின் மகள் சுகந்தி தலைப்பிரசவத்துக்கு வந்திருந்தாள், எட்டாம் மாதம். வாரா வாரம் நாமக்கல் ஆஸ்பத்திரிக்குக் காட்டப் போக வேண்டும், அவளுக்கும் மூடின காரில் மூச்சு முட்டியது. அக்னி நட்சத்திரம் முடிந்தும் முடியாத வெயில். வியாழக்கிழமை காலை பத்தரைக்கு அவளைக் கூட்டிப் போவதென்று ராக்கியப்பனும் காளியண்ணனின் மனைவி ருக்மணியும் பேசி முடித்துவிட்டு அவரிடம் சொன்னார்கள். காளியண்ணன் பட்டறைக்குள் போய் உட்கார்ந்தார்.

எழுபதில் போகும். லாரி தாண்டும், குழி வரும், பிரேக் அடிப்பான். அந்த அடிக்கால் எந்த இடத்தில் வாயைத் திறக்கும் என்று அவருக்கு மட்டும்தான் தெரியும், அவரால் கண்ணை மூடிக்கொண்டு படம் வரைய முடியும், வரைந்தார், ஒவ்வொரு படத்திலும் சுகந்தி இருந்தாள். அறுத்து ஒழுங்காகப் பற்றவைத்துவிட்டால் தீர்ந்தது. ஆனால் அறுத்தால் நிழல் போய்விடும். ஊரே சொல்லும், பொறாமையில் ராக்கியப்பன் வண்டியைப் பாழாக்கிவிட்டான் என்று. சொல்லட்டும். அதைவிட மோசம், அது பொய்யில்லை. நிழல் போக வேண்டும் என்று அவர் நாற்பது தடவை வேண்டியிருக்கிறார். இப்போது மகளுக்காக அதை அறுக்கப் போகிறாரா, தன் வயிறு குளிர அறுக்கப் போகிறாரா என்று அவருக்கே பிரித்துப் பார்க்கத் தெரியவில்லை. போதாக்குறைக்கு, நிழல் போனால் தன் கைக்கு இருந்த அந்த ஒரே பெருமையும் போய்விடும்.

வியாழக்கிழமை சுகந்தி ஏறி உட்கார்ந்து, வளையல் கையால் பைப்பைப் பிடித்துக்கொண்டு, வெளிச்சக் காசுகள் வயிற்றின் மேல் ஆடுவதைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தாள். வழியனுப்ப ஊர் கூடியிருந்தது.

"அப்பா, நீங்களும் ஏறுங்க. இதுல ஒரு தடவகூட நீங்க வந்து உக்காரவேயில்லீங்களே."

"எறங்கு கண்ணு" என்றார் காளியண்ணன். "இந்த வண்டீல போக வேண்டாம்."

ருக்மணிக்கு முகம் சிவந்துவிட்டது. இத்தனை நாள் வீட்டுக்குள் பார்த்ததை இன்றைக்கு ஊர் பார்க்கிறதே என்ற அவமானம் அவளுக்கு.

"ஏனுங், பெத்த புள்ளைக்கு ஒரு நல்லது நடக்கறப்பக்கூட உங்க வயித்தெரிச்சலத்தான் பாக்கோணுமா?"

காளியண்ணன் சந்தனம் காய்ந்திருந்த அடிக்காலைக் காட்டி, அதை அறுக்க வேண்டும் என்றார். கூட்டம் சலசலத்தது. முதல் பற்றவைப்பில் கை வைக்கிற வழக்கமே இல்லை என்று பிரசிடெண்ட் குறுக்கே வந்தார். கூழ்க்காரி நிழலுக்குள் இருந்தபடியே, பாவி மனுஷா என்று ஆரம்பித்தாள்.

"அது பொய்யிங்" என்றார் காளியண்ணன். "உள்ள புடிக்கவேயில்ல. கரண்டக் கொறச்சு வெச்சேன். வேணும்னேதான் வெச்சேன். இவம் வண்டி என் வண்டிக்கு முன்னால ரோட்டுல ஓடக் கூடாதுன்னு வெச்சேன்."

யாரும் நம்பவில்லை என்பதுதான் கொடுமை. இந்தக் கை அப்படிச் செய்யாது, நிழலை ஒழிக்க மனுஷன் தன் மேலேயே பழி போட்டுக்கொள்கிறார், பொறாமை முற்றினால் இப்படியும் ஆகும் என்று ஆளாளுக்குப் பேசினார்கள். ராக்கியப்பனின் சிரித்த முகம் சுருங்கியது. பிறகு தன் பட்டறைக்குள் போனான், ஒரு கையில் உளியும் சுத்தியலும், இன்னொரு கையில் வெல்டிங் மிஷினின் ஒயருமாகத் திரும்பி வந்தான், சுகந்தியைக் கைத்தாங்கலாக இறக்கி நிழலின் ஓரத்தில் ஸ்டூல் போட்டு உட்கார வைத்தான்.

"வெட்டுங்ணா" என்றான். "நெழலு போனாப் போவுது. புள்ள போற வண்டிங்."

அந்தப் பெரிய மனசைப் பார்த்ததும் காளியண்ணனுக்கு, கூசாமல் சொல்கிறேன், பொறாமைதான் வந்தது. அதை அப்புறம் வைத்துக்கொள்ளலாம் என்று மண்டி போட்டார். உளியை வைத்து ஒரே தட்டு. செதில் செதிலான அந்த அழகு முழுசும் காய்ந்த பொருக்கு மாதிரி பெயர்ந்து கீழே விழுந்தது. அடியில் பைப் கம்பெனியிலிருந்து வந்த நாள் மாதிரி பளபளவென்று, ஒரு சூடும் படாமல் இருந்தது. வளையத்தின் கால் தனியாக ஆடியது. கூழ்க்காரி வாயை மூடிக்கொண்டாள். ருக்மணி மகளின் தலையைத் தன் இடுப்போடு சேர்த்துப் பிடித்துக்கொண்டாள்.

அவர் மேலே பார்க்கவில்லை. கரண்டை ஏற்றினார், முகமூடியை இறக்கினார், பற்றவைத்தார். அந்த வேலையை அவர் வாழ்நாளில் செய்த எந்த வேலையைவிடவும் மெதுவாகச் செய்தார். இரும்பு இரும்போடு உருகி ஒன்றாவதைக் கறுப்புக் கண்ணாடி வழியே பார்த்துக்கொண்டே சுற்றி வந்தார், இடுக்கு அடைய அடைய அங்கே இருந்த இருட்டை, தன் கை முளைக்கவைத்ததாக நினைத்திருந்த அந்த நிழலை, தானே கொல்கிறோம் என்று அழுதார். முகமூடிக்குள் அழுதது யாருக்கும் தெரியாது. முடித்ததும், பிடரியில் வெயில் சுடும் என்று காத்துக்கொண்டு குனிந்தே இருந்தார்.

சுடவில்லை.

முகமூடியைத் தூக்கினார். தரையில் வெளிச்சக் காசுகள் ஆடிக்கொண்டிருந்தன. நிழல் ஏழடிக்கு அப்படியே கிடந்தது, ஓரத்தில் படுத்திருந்த நாய்கூட இடம் மாறவில்லை. அவர் பொய்யாகப் பற்றவைத்தபோது எப்படி இருந்ததோ, நிஜமாகப் பற்றவைத்தபோதும் அப்படியே. அவர் செய்த கெட்டதிலிருந்து அது வரவும் இல்லை, அவர் செய்த நல்லதால் அது போகவும் இல்லை. இந்த நாற்பத்தைந்து நாளில் அவர் எரிந்ததும் பூரித்ததும் அழுததும் எதுவும் அதற்குத் தெரியாது. மனைவிக்குக் காற்று வேண்டுமென்று ஒருத்தன் கோணல்மாணலாக ஒரு வண்டி கட்டினான், அதற்கு நிழல் விழுந்தது, அவ்வளவுதான் விஷயம்.

ஊர் அவரைத் திட்டவில்லை. முறைப்படி அடுத்து யாருடைய நேரம் என்று பிரசிடெண்ட் அட்டையைப் பார்த்தார். ராக்கியப்பன் சூடான இணைப்பின் மேல் சந்தனம் வைக்கப் போய், விரலைச் சுட்டுக்கொண்டு உதறினான். பிறகு சுகந்தியை ஏற்றி, ருக்மணியை ஏற்றி, ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு திரும்பிப் பார்த்தான். இன்னும் ஒரு இடம் காலியாக இருந்தது.

"வாங்கப்பா" என்று கையை நீட்டினாள் சுகந்தி.

காளியண்ணன் ஏறினார். வண்டி நாலு வழி ரோட்டில் ஏறி வேகமெடுத்தது. இரண்டு பக்கமும் மரமில்லாத வெயில் கண்ணைப் பறிக்க, நடுவே அந்த நிழல் அவர்கள் நாலு பேரையும் மூடிக்கொண்டு கூடவே ஓடி வந்தது. அடிக்கால் முனகக்கூட இல்லை. எவ்வளவு குளிர்ச்சி என்று அவருக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது, நெற்றி வேர்வை காய்ந்தது, பொசுங்கிய புருவத்தில் காற்று பட்டது, மகள் அவர் தோளில் சாய்ந்து தூங்கிப்போனாள். இவ்வளவு சுகமாக இருக்கிறதே, இதை நான் செய்யவில்லையே என்று நாமக்கல் வரும்வரை அவர் வயிறு எரிந்துகொண்டே இருந்தது.